ஆயா என்று கூப்பிட்டவன்

கடலூர்
14-6-2024

அன்புத் தங்கை தில்லையம்மாளுக்கு அக்கா கொளஞ்சி எழுதிக்கொண்டது. முழங்கால் வலி தவிர எனக்கு வேறு குறை இல்லை. உன் உடம்பு, உன் மருமகள் உடம்பு, பிள்ளைகள் சுகம் எல்லாவற்றுக்கும் எழுதவும்.

உனக்குக் காது அடைத்துப்போன பிறகு போனில் நான் கத்துவது நாலு வீட்டுக்குக் கேட்கிறது, உனக்குத்தான் கேட்கவில்லை. அதனால் மறுபடியும் தபாலுக்கு வந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல சேதிகள். கார்த்திகேசன் பெங்களூர்க் கம்பெனியில் டீம் லீடர் ஆகிவிட்டான். போன மாதம் விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். வினோதினி பல் டாக்டர் படிப்பில் மூன்றாம் வருஷம். லீவுக்கு வந்தவள் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பாட்டி, கடவாப்பல்லு ரெண்டும் போகணும்" என்கிறாள். மாவட்ட அளவில் நீச்சலில் வாங்கிய மெடலும் அவளுடையதுதான், போன தடவை எழுத மறந்துவிட்டேன். மகன் பொன்னுரங்கம் காடாம்புலியூரில் இரண்டாவது முந்திரி குடோன் திறந்துவிட்டான். தையில் முதுநகர் வீட்டை விட்டு இந்தப் புது வீட்டுக்கு வந்துவிட்டோம். மாடிக்குப் போக லிஃப்ட் இருக்கிறது. நான் இன்னும் ஏறவில்லை, பயம்.

ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் பேரப்பிள்ளைகள் போட்டோ மாட்டியிருக்கிறேன். பட்டம் வாங்குகிற மாதிரி, பரிசு வாங்குகிற மாதிரி. யார் வந்தாலும் நேரே அங்கேதான் கூட்டிப் போவேன். மருமகள் லோகநாயகி, "அத்தை, அவுங்க காப்பி குடிக்கட்டும், அப்பறம் காட்டுங்க" என்று கேலி செய்வாள்.

உன் பேரன் அறிவழகன் என்ன செய்கிறான்? அவனும் கார்த்திகேசனும் ஒரே வருஷம் பி.இ. முடித்தவர்கள். என்னிடம் இருப்பது அவன் பத்தாம் வகுப்பில் எடுத்த போட்டோ, மீசை முளைக்காத முகம். அவன் அப்பா பாலகுமார் கொரோனாவில் போனபோது என்னால் வர முடியவில்லை. அந்தப் பிள்ளையை வளர்ந்த பிறகு நான் பார்க்கவே இல்லை. புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு.

உன் அக்கா,
கொளஞ்சியம்மாள்


சிதம்பரம்
27-6-2024

அக்காவுக்கு தில்லை எழுதுவது. உன் கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம், மருமகளுக்குத்தான் இடுப்பு வலி. உன் முழங்காலுக்கு எண்ணெய் தடவி வெந்நீர் ஊற்று.

கார்த்திகேசன், வினோதினி சேதி படித்து வயிறு குளிர்ந்தது. இருவருக்கும் என் ஆசீர்வாதம்.

நம் அறிவழகனும் கடலூரிலேயே ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். எனக்குக் காது கேட்காது என்று இந்த வீட்டில் யார் எது சொன்னாலும் காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதித்தான் காட்டுவார்கள். "பார்ட்னரா சேந்துட்டேன் ஆயா" என்று எழுதிக் காட்டினான். முகத்தில் சிரிப்பு. இது நிலைத்துவிட்டால் எனக்கு வேறு கவலை இல்லை. கனிமொழிக்கு நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அண்ணன் வேலையை நம்பித்தான் தங்கை படிக்கிறாள்.

போட்டோ இப்போது கைவசம் இல்லை. வேலை நிலைக்கட்டும், எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
தில்லை


கடலூர்
10-7-2024

என் தங்கைக்கு, நீயும் வீட்டாரும் நலமா? வெந்நீர் ஊற்றினேன், வலி கொஞ்சம் தேவலை.

நீ எழுதியதைப் படித்ததும் ஹாலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன். பார்ட்னர் என்றால் சும்மாவா? முதுநகரில் விசைப்படகுக்குப் பங்கு போட்டவனைத்தான் பார்ட்னர் என்பார்கள். பொன்னுரங்கம்கூட முதல் குடோனில் ஏழு வருஷம் கணக்குப் பார்த்த பிறகுதான் அந்த முதலாளி அவனைப் பார்ட்னராகச் சேர்த்தார். இந்தப் பிள்ளை இருபத்துநாலு வயதில் ஆகிவிட்டான். பொன்னுரங்கத்திடம் சொன்னேன். "எந்தக் கம்பெனிம்மா?" என்றான். அவனுக்குக் கொஞ்சம் பொறாமை என்று நினைக்கிறேன். நீ பெயர் எழுதவில்லையே.

பக்கத்து வீட்டு அம்மா, எதிர் வீட்டு வக்கீல் சம்சாரம், எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கார்த்திகேசன் போட்டோவுக்கும் வினோதினி போட்டோவுக்கும் நடுவே ஆணி அடித்து வைத்தாயிற்று. இனி படம்தான் பாக்கி.

கடலூரிலேயே இருந்துகொண்டு அவன் ஏன் இங்கே வரவில்லை? பார்ட்னர் ஆனால் சொந்தம் மறந்துபோகுமா? கண்டித்து வை.

இந்த நகரில் எனக்கு எல்லாமே திகைப்பாக இருக்கிறது. வாசலில் பெரிய வளைவு, வாட்ச்மேன், போர்டு. யார் எதுவரை வரலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. போனைத் தட்டினால் சாப்பாடு வீட்டுக்கு வருகிறது. எதிர் வீட்டு நாய்க்கு முடி வெட்ட வண்டியில் ஆள் வருகிறான். நம் வீட்டிலும் ரோஸி என்று ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று கேள். பிள்ளைகள் என்னை ஆயா என்று கூப்பிடக் கூடாதாம். இங்கே ஆயா என்றால் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவள், பாத்திரம் தேய்க்கிறவள். ஒருநாள் எதிர் வீட்டுக்கு வந்த பெண் என்னைக் காட்டி, "உங்க வீட்டு ஆயாவுக்கு எவ்வளவு குடுக்கறீங்க?" என்று லோகநாயகியிடம் கேட்டுவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து நான் பாட்டி. நல்ல புடவைதான் கட்டுகிறேன்.

போட்டோவை மறக்காதே. கோட்டு போட்டு எடுத்தால் நல்லது.

ஆசீர்வாதத்துடன்,
கொளஞ்சி


சிதம்பரம்
2-9-2024

அக்காவுக்கு, சுகம். உன் சுகம் வேண்டும். பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள். உன் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன்.

அறிவழகன் வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறான். அலைச்சல் ஜாஸ்தி. வெயிலில் கறுத்துவிட்டான். "பெரிய ஆயா வீட்டுக்குப் போனியா?" என்று கேட்டேன். சிரித்தான். "அந்தப் பக்கம்தான் தெனம் போறேன் ஆயா. கவர்ல இருக்குற அட்ரஸ் மனப்பாடம். ஒருநாள் உள்ள போவேன்" என்று எழுதினான்.

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சொல்லாமல் இருந்திருக்கலாம். பார்ட்னர் என்பது பற்றி உனக்கு ஒன்று எழுத நினைத்தேன். இருக்கட்டும், நேரில் பேசலாம். எனக்குத்தான் கேட்காதே, எழுதியே பேசலாம்.

கனிமொழி மூன்றாம் வருஷத்தில் சேர்ந்துவிட்டாள்.

ரோஸியைப் பத்திரமாகப் பார். உன் காலைக் கடித்துவிடப் போகிறது.

தில்லை


கடலூர்
18-10-2024

தில்லைக்கு, கடவுள் புண்ணியத்தில் நலம். அங்கே மழை எப்படி? இங்கே மூன்று நாளாகக் கொட்டுகிறது. கெடிலத்தில் தண்ணீர் வந்துவிட்டது.

நேரில் என்ன பேச வேண்டும்? பயமுறுத்தாதே. போட்டோ அனுப்பாமல் இருக்க இது ஒரு சாக்கா?

இங்கே முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டால் உனக்கே கோபம் வரும். ரோஸிக்கு ஒரு வயது முடிந்தது. வினோதினி ஊரிலிருந்து போன் செய்து கேக் வெட்டியே தீர வேண்டும் என்றாள். நாய்க்குக் கேக்கா என்று நான் வாயைப் பிளந்தேன். லோகநாயகி போனில் வரவழைத்தாள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை. மழை வேறு திடீரென்று பிடித்துக்கொண்டது. வடகம் காயவைத்திருந்த தட்டை எடுக்க நான் பழைய புடவையோடு நனைந்துகொண்டு கேட் பக்கம் போயிருந்தேன். அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். தலையில் ஹெல்மெட், வாயில் துணி, உடம்பெல்லாம் சொட்டுகிறது. கேக் டப்பா ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஆயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்கிறான். எனக்குச் சுரீர் என்றது. கடைத்தெருவில் யாராவது ஆயா என்றால் அது வேறு. என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னை வேலைக்காரி என்று நினைத்துவிட்டான் பார். "யாருக்குடா ஆயா? வேலைக்காரிங்கள போய் ஆயான்னு கூப்புடு" என்றேன். "இல்ல ஆயா, நான்..." என்று ஹெல்மெட்டைக் கழற்றப் போனான். இவனோடு வாசலில் நின்று வாதாட முடியுமா? கேட்டைச் சாத்திவிட்டேன். மேலும் கொஞ்ச நேரம் நின்றான் போலிருக்கிறது, வண்டிச் சத்தம் பிறகுதான் கேட்டது.

லோகநாயகியிடம் சொன்னேன். அவள் போனில் அவனுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, மரியாதைக் குறைவாகப் பேசினான் என்று எழுதிப் போட்டாள். அடுத்த நாளே நடவடிக்கை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. பரவாயில்லை, பொறுப்பான கம்பெனிதான்.

கேக்கை ரோஸி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

தீபாவளிக்கு அதிரசம் சுட்டு அனுப்புகிறேன். போட்டோ, போட்டோ, போட்டோ.

கொளஞ்சி


கடலூர்
18-11-2024

தங்கை தில்லையம்மாளுக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் நலம்தானே?

தீபாவளி போய்விட்டது. அதிரசம் வந்து சேர்ந்ததா என்றுகூட ஒரு வரி இல்லை. தபால்காரரைத் தினமும் கேட்கிறேன், அவர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிக்கொண்டு போகிறார். கனிமொழி போனுக்கு லோகநாயகியைப் பேசச் சொன்னேன். எடுத்தாள், "ஆயா நல்லாருக்காங்க, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாளாம்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? போட்டோவுக்காகத் தொந்தரவு செய்தது கோபமா? பார்ட்னருக்குப் படம் எடுக்க நேரம் இல்லையென்றால் சொல்லிவிடு, பழைய படத்தையே மாட்டிவிடுகிறேன்.

ஒரு வரி எழுது.

கொளஞ்சி


சிதம்பரம்
5-12-2024

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, தில்லையம்மாள் எழுதிக்கொள்வது. இங்கு நலம். உங்கள் நலத்தையும் அறிய வேண்டும். அதிரசம் வந்தது. புயல் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்று இப்போதுதான் வடிந்தது.

அக்டோபர் மாதம் பதினாறாம் தேதி அறிவழகன் வீட்டுக்கு வந்தான். தொப்பலாக நனைந்திருந்தான். தலையைத் துவட்டிக்கொண்டே காலண்டர் தாளில் எழுதிக் காட்டினான். "பெரிய ஆயாவப் பாத்தேன். நல்லாருக்காங்க." அவ்வளவுதான் எழுதினான். அதற்கு மேல் நான் கேட்டும் எழுதவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவன் வேலைக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "ஐடிய பிளாக் பண்ணிட்டாங்க" என்று எழுதினான். அதற்கும் காரணம் எழுதவில்லை.

மீதியை உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களை அந்தக் கம்பெனிக்காரர்கள் பார்ட்னர் என்றுதான் சொல்கிறார்கள். நான் பொய் எழுதவில்லை. அவன் எழுதிக் காட்டியதை அப்படியே எழுதினேன். அப்போது எனக்கும் தெரியாது. தெரியவந்தபோது நீங்கள் ஆணி அடித்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மேலே எழுத எனக்குக் கை வரவில்லை.

ரோஸியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தில்லையம்மாள்


கடலூர்
11-12-2024

தில்லை,

நலம் கேட்டு எழுத எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அவன் எப்படி இருக்கிறான்?

உன் கடிதத்தை ஹாலில் அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து படித்தேன். முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது அவன் ஹெல்மெட்டில் கை வைத்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. முகத்தைக் காட்டத்தான் கழற்றப் போனான். நான் சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். இருட்டியதுகூடத் தெரியாமல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். விளக்கு போட வந்த லோகநாயகி பயந்துவிட்டாள்.

"அன்னிக்குக் கேக்கு கொண்டாந்தவன் நம்ம தில்ல பேரன்" என்றேன்.

"ஐயோ அத்தை, எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "போன்ல பேரு வந்துச்சு, அறிவுன்னு ஏதோ. அதெல்லாம் யாரு பாக்கறா?" என்றாள்.

பெயர் வந்திருக்கிறது தில்லை. அவன் பெயர் எங்கள் வீட்டுப் போனில் வந்திருக்கிறது.

கொடுத்த நட்சத்திரத்தைத் திருப்பி வாங்கு என்றேன். அவளும் பாவம், போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். ஏதோ மிஷின்தான் பதில் எழுதுகிறது. உங்கள் கருத்துக்கு நன்றி என்கிறது. பேசுவதற்கு ஆள் என்று ஒருவர்கூட அந்தக் கம்பெனியில் இல்லை.

பொன்னுரங்கம் வந்தான். "சரி விடும்மா, நம்ம குடோன் வண்டிக்கு டிரைவர் வேணும். வரச் சொல்லு. ஆனா இந்த நகர்ல சொந்தக்காரன்னு சொல்லிக்கிட்டிருக்க வேணாம்" என்றான். என் வயிற்றில் பிறந்தவன் பேசுவதைக் கேட்டுத் திகைத்தேன். அதைவிடத் திகைப்பு, போன வருஷமாக இருந்தால் அதையே நான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் நகர் வளைவுக்கு வெளியே இருக்கும் டீக்கடைக்குப் போனேன். அவன் போட்டிருந்த மாதிரியே சட்டை போட்ட பையன்கள் வண்டியில் சாய்ந்துகொண்டு போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தினமும் காரில் அந்த வழியாகத்தான் கோயிலுக்குப் போகிறேன், ஒருநாள்கூட அவர்களைப் பார்த்ததில்லை. "அறிவழகனைத் தெரியுமா?" என்று கேட்டேன். இளவரசு என்று ஒரு பையன், "எந்த அறிவு? ஆயா வீட்டு அறிவா?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இளவரசுதான் சொன்னான். "அதோ அந்த லிஃப்ட் வச்ச வீடு எங்க ஆயா வீடுன்னு சொல்லிக்கிட்டே இருப்பான் ஆயா. அண்ணன் சிங்கப்பூரு போனான், தங்கச்சி டாக்டருன்னு ஒண்ணு விடாம ஒப்பிப்பான். நாங்க நம்பல. 'அப்பறம் ஏன்டா கேட்டுலயே பார்சலக் குடுத்துட்டு வர்ற?'ன்னு ஓட்டுவோம். 'வேலை கொஞ்சம் நெலைக்கட்டும், நானே உள்ள போறேன்'ம்பான்."

நான் இங்கே அவனைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அவன் அங்கே என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

பார்ட்னர் என்றால் என்னப்பா என்று கேட்டேன். "வண்டி எங்களுது, பெட்ரோலு எங்களுது, கீழ விழுந்தா ஒடையிற காலும் எங்களுது. பேரு மட்டும்தான் ஆயா அவுங்க குடுத்தது" என்றான். ஐடி திரும்பக் கிடைக்குமா என்றேன். "மரியாதை இல்லாம பேசுனான்னு போட்டா அவ்வளவுதான். எவ போட்டாளோ, நல்லா இருக்கட்டும்" என்றான்.

அவன் வாங்கிக் கொடுத்த டீ என் கையில் இருந்தது. நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அறுபது வருஷமாக என்னை நீ என்று எழுதியவள், இந்தக் கடிதத்தில் நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உன் அக்கா


சிதம்பரம்
26-12-2024

அக்காவுக்கு, எல்லாரும் இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? டீக்கடை வரை நடந்தது தெரிந்து பயந்தேன்.

அவன் தன் சிநேகிதர்களிடம் உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்வது எனக்கும் புதுச் சேதி. உங்கள் கடிதத்தில் அந்த இடத்தைக் காட்டினேன். படித்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

டிரைவர் வேலை வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. சொந்தக்காரன் என்று சொல்லக் கூடாத இடத்தில் சொந்தக்காரன் எப்படி வேலை செய்வான்? பொன்னுரங்கத்துக்கு இது விளங்காது, விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகேசனும் இவனும் ஒரே வருஷம் பி.இ. முடித்தவர்கள் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். இவனுக்கு மார்க்கு ஜாஸ்தி. கார்த்திகேசன் வேலை கிடைக்கும்வரை பெங்களூரில் அறை எடுத்துத் தங்கி, மேலே படித்து, நாலு கம்பெனி ஏறி இறங்க முடிந்தது. இவன் பாலகுமாரின் காரியம் முடிந்த கையோடு, கிடைத்த வேலைக்குப் போனான். காத்திருக்க ஒருவனுக்கு வீடு இருந்தது, ஒருவனுக்கு இல்லை. கார்த்திகேசன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவனும் என் பேரன்தான்.

இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றுகிறான். கனிமொழி இந்த வருஷப் படிப்பை நிறுத்திவிட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் எழுதிக் காட்டினாள், தாளைத்தான் கசக்கி எறிந்தாள்.

ஒரு விஷயம்தான் எனக்குத் தாங்கவில்லை. வாசலில் கீரை விற்க வரும் கிழவி இருக்கிறாள் அல்லவா, அவளை இவன் சின்ன வயதிலிருந்து ஆயா என்றுதான் கூப்பிடுவான். போன வாரம் அவளிடம் ஏதோ சொன்னான், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன என்று கேட்டேன். கனிமொழி எழுதிக் காட்டினாள். "மேடம், ஒரு கட்டு குடுங்க" என்றானாம். இப்போதெல்லாம் எந்தக் கிழவியைப் பார்த்தாலும் மேடம்தான். "எதுக்குடா?" என்று கேட்டேன். "யார் எதுக்குக் கோச்சுக்குவாங்கன்னு தெரியல ஆயா. இதுன்னா வம்பு இல்ல" என்று எழுதினான்.

நீ அழுவாய் என்று தெரியும். அழாதே. மார்கழிப் பனி, தலைக்குத் துணி கட்டிக்கொள்.

தில்லை


கடலூர்
4-1-2025

என் தில்லைக்கு,

கடைசி இரண்டு வரியில் நீ என்று எழுதிவிட்டாய். அந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். துணி கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கனிமொழி படிப்பைப் பற்றிப் பொன்னுரங்கத்திடம் சொன்னேன். "எத்தன பேருக்கும்மா நாம செய்யறது?" என்றான். அன்று சாயந்திரமே ரோஸியைக் குளிப்பாட்ட வண்டியில் ஆள் வந்தான். நான் என் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன். படுத்திருப்பதைப் பார்த்து லோகநாயகி இரண்டு தடவை வந்து, "உடம்புக்கு என்ன அத்தை?" என்று கேட்டாள். பெற்ற பிள்ளை, வந்த மருமகள், யாரும் கெட்டவர்கள் இல்லை தில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். கெட்டவர்களாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். கனிமொழி படிப்புக்குப் பொன்னுரங்கத்திடம் விடாமல் தினமும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நேற்று எதிர் வீட்டு வக்கீல் சம்சாரம் வந்து, "உங்க பார்ட்னர் பேரன் போட்டோ வந்துச்சா?" என்றாள். "அவன் உங்க வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கான், நீங்கதான் பாக்கல" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரியும்படி சொன்னேன். காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த டீக்கடைப் பையன்களிடமும் போய், எவ என்று கேட்டாயே, நான்தான் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு யாரும் டீ வாங்கித் தரவில்லை.

சுவரில் அந்த ஆணி அப்படியே இருக்கிறது. யாரோ அதில் கார் சாவியை மாட்டினார்கள், எடுத்துவிட்டேன்.

திருவாதிரைக்கு வருகிறேன். சாமிக்காக என்று இங்கே சொல்லியிருக்கிறேன். கார் அனுப்புகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். காரில் வந்து இறங்கினால் உன் தெருவில் நான் காரில் வந்தவளாகத்தான் நிற்பேன். முதுநகர் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறிவிடுவேன். சிதம்பரம் ஸ்டேஷனுக்கு அறிவழகனை அனுப்புவாயா? திருவாதிரைக் கூட்டத்தில் எனக்கு அவன் முகம் தெரியாது. அவனுக்கு என்னைத் தெரியும். தெரிந்தவன் கூப்பிட வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. மேடம் என்றால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், என்னைத்தான் என்று எனக்குத் தெரியாது.

அவன் வர மாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. நானே விசாரித்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அதற்குள் ஒரு புதுப் போட்டோ தபாலில் போடு. கோட்டு வேண்டாம். எந்தச் சட்டையாக இருந்தாலும் சரி. சுவரில் மாட்டக் கேட்கவில்லை. அடுத்த தடவை யாராவது கேட்டில் ஹெல்மெட்டோடு வந்து நின்றாலும், அவன் கழற்றுவதற்கு முன்பே எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அக்கா,
கொளஞ்சி